ஒரு லட்சம் லூமன் டார்ச், 48 வோல்ட் டிரில்: ஆன்லைன் தள்ளுபடியில் எதை நம்புவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ராத்திரி தோட்டத்துக்கு மோட்டார் போடப் போக ஒரு டார்ச், வீட்டு வேலைக்கு ஒரு டிரில், வெள்ளியங்கிரி ஏற ஒரு ஹெட்லேம்ப், முடிந்தால் ஒரு டென்ட். கையில் 6,000 ரூபாய். 699 ரூபாய்க்கு ‘ஒரு லட்சம் லூமன்’ (லூமன் என்றால் வெளிச்சத்தின் அளவு) டார்ச்சும், 1,999 ரூபாய்க்கு ‘48 வோல்ட்’ கார்ட்லெஸ் டிரில்லும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் 80 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருக்கிறது. எந்தத் தளத்தில், எந்த சேலில் வாங்கினால் இன்னும் குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் 699 ரூபாயாவது பெறுமா என்பதை, கையில் வாங்கிப் பார்க்காமலே எப்படிக் கணிப்பது? அது தெரிந்துவிட்டால் சேல் தேதியெல்லாம் சின்ன விஷயம்.

நான் பவர் டூல் சர்வீஸ் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். ஆன்லைனில் வாங்கி, ஓடாமல் போன டிரில்லும் கிரைண்டரும் டார்ச்சும் எங்கள் மேஜைக்கு வரும். திறந்து பார்ப்பதுதான் வேலை என்பதால், வெளியே ஒட்டியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும். டார்ச்சும் டூலும் பற்றி உறுதியாகப் பேசுகிறேன். டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் நானும் வாங்கிப் பயன்படுத்துகிறவன்தான், பிரித்துப் பழுது பார்த்த அனுபவம் இல்லை. அந்தப் பகுதியை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

டார்ச்சிலிருந்து வருவோம். நல்ல எல்.ஈ.டி. ஒன்று, நடைமுறையில் ஒரு வாட் மின்சாரத்துக்கு 100 முதல் 150 லூமன் வரை வெளிச்சம் தரும். அப்படியானால் ஒரு லட்சம் லூமனுக்கு 700 முதல் 1,000 வாட் வரை வேண்டும், கிட்டத்தட்ட ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கிற கரண்ட். உங்கள் டார்ச்சில் இருப்பது ஒரு 18650 பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். நல்ல செல் என்றால் சுமார் 11 வாட்-மணி ஆற்றல் அதில் இருக்கும். ஆயிரம் வாட் இழுத்தால் ஒரு நிமிஷம்கூட ஓடாது. அதற்கு முன்பே, அவ்வளவு கரண்டை அந்த செல்லால் தரவே முடியாது. ஆக, ‘ஒரு லட்சம்’ என்பது கொஞ்சம் மிகைப்படுத்திய எண்கூட இல்லை, நடக்கவே முடியாத எண். ஒரே செல் போட்ட ஒழுங்கான டார்ச் 1,000 லூமனைச் சுமார் ஒரு மணி நேரம் தரும், அதுவும் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால்தான். வரப்பில் நடக்க 100 லூமன் போதும். தூரத்தில் மோட்டார் ரூம் வரை அடிக்க வேண்டுமென்றால் 500 இருந்தால் தாராளம்.

பேட்டரியிலும் இதே கதைதான். 18650 செல்லில் இதுவரை பெரிய கம்பெனிகள் செய்திருப்பதில் அதிகபட்சம் 3,500 எம்.ஏ.ஹெச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) அளவுதான் பரவலாகக் கிடைக்கிறது. பானசோனிக், எல்ஜி, சாம்சங் மூன்றும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கின்றன. அதன் மேல் 9,900 என்று அச்சடித்திருந்தால் பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கொஞ்சம் பெரிய 21700 செல்லில் 5,000 என்றால் நம்பலாம். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். உண்மையான 18650 செல் 44 முதல் 50 கிராம் வரை இருக்கும். முப்பது கிராம் காட்டினால் உள்ளே சரக்கு குறைவு, சந்தேகமே வேண்டாம். ஆனால் எடை சரியாக இருப்பதால் மட்டும் செல் நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து கழற்றிய செல்லுக்குப் புது உறை போட்டாலும் எடை சரியாகத்தான் காட்டும். எடையை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம், தரத்துக்கு அது சான்று ஆகாது.

டார்ச் விளம்பரத்தில் நான் முதலில் தேடுவது ‘ஆன்சி எஃப்எல்1’ என்ற குறியீட்டை. 2009-ல் அமெரிக்காவில் வந்த அளவீட்டு முறை அது. டார்ச்சைப் போட்டு 30 விநாடிக்குப் பிறகு, இரண்டு நிமிஷத்துக்குள் லூமனை அளக்க வேண்டும். வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடும் நேரம்தான் ‘ரன்டைம்’. எவ்வளவு தூரத்தில் வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது பௌர்ணமி நிலவொளி அளவுக்குக் குறைகிறதோ, அதுதான் ‘பீம் தூரம்’. இந்த வரையறையைத் தெரிந்துகொண்டு படித்தால் நல்ல கம்பெனியின் எண்ணிலும் உங்களுக்கு ஏமாற்றம் வராது. 200 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் நிலா வெளிச்சம் போலத் தெரியும் என்றுதான் பொருள். ஆளை அடையாளம் காண வேண்டுமானால் பாதித் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேண்டெலா, அதாவது ஒரே திசையில் குவியும் வெளிச்சத்தின் வலு, எண்ணாகக் கொடுத்திருந்தால் அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பீம் தூரம் மீட்டரில் வந்துவிடும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் பட்டியல் எழுதியவர் அளந்து எழுதவில்லை.

தோட்டத்துக்கு என்று கேட்டதால் ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நீல வெள்ளையாக அடிக்கும் மலிவு எல்.ஈ.டி.யில் பழுப்பு நிறங்கள் எல்லாம் ஒன்றுபோல் மங்கித் தெரியும். காய்ந்த சருகில் கண்ணாடி விரியன் கிடந்தால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ‘ஹை சி.ஆர்.ஐ.’ என்று குறித்த எல்.ஈ.டி., உதாரணமாக நிச்சியா 519ஏ, நிறங்களைப் பகலில் தெரிவதுபோலக் காட்டும். லூமன் எண் குறைவாக இருக்கும், அதனால் விளம்பரத்தில் எடுபடாது. வரப்பில் நடக்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். வர்க்கோஸ் எஃப்சி11, கான்வாய் எஸ்2 பிளஸ் போன்ற ஒற்றை செல் டார்ச்சுகளில் இந்த எல்.ஈ.டி. போட்ட வகை உண்டு. டார்ச் ஆர்வலர்கள் விலைக்கு மேல் மதிப்பு என்று நெடுநாளாகச் சொல்லி வரும் மாடல்கள் இவை. சிக்கல் என்னவென்றால், அலிஎக்ஸ்பிரஸ் செயலியை 2020 நவம்பரில் மத்திய அரசு தடை செய்தபின் இவற்றை நேரடியாக வாங்கும் வழி சுருங்கிவிட்டது. இங்கே இறக்குமதி செய்து விற்பவர்களிடம் கொஞ்சம் கூடுதல் விலைதான். பீனிக்ஸ், நைட்கோர் போன்றவற்றை இந்திய இறக்குமதியாளரிடம் வாரண்டியோடு வாங்கலாம், ஆனால் விலை உங்கள் பட்ஜெட்டைச் சாப்பிட்டுவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ‘ரீசார்ஜபிள்’ என்று விற்கும் மலிவான பிளாஸ்டிக் டார்ச்சுகள் சிலவற்றில் இன்னும் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிதான் இருக்கிறது. சார்ஜ் இறங்கிய நிலையில் இரண்டு மூன்று மாதம் போட்டு வைத்தால் அது திரும்ப எழாது. மாதம் ஒருமுறையாவது சார்ஜ் போடுகிறவருக்குச் சரி, அலமாரியில் வைத்து மழைக்காலத்தில் எடுக்கிறவருக்கு ஆகாது. வாங்கும்முன் பேட்டரி வகை என்ன என்று பாருங்கள். எழுதவே இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது டிரில். கார்ட்லெஸ் டூலில் வோல்ட் என்பது உள்ளே வரிசையாகக் கோத்திருக்கும் செல்களின் கணக்கு. ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. மூன்று செல் என்றால் 10.8, அதைத்தான் ‘12 வோல்ட்’ என்று விற்கிறார்கள். ஐந்து செல் என்றால் 18. அமெரிக்காவில் டிவால்ட் அதையே ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்கிறது, மலிவு டூல்களில் ‘21 வோல்ட்’ என்று வரும். மூன்றும் ஒன்றேதான், இதில் பொய் இல்லை. பொய் தொடங்குவது 48, 88, 168, 388 என்ற எண்களில். நிஜமாகவே 48 வோல்ட் வேண்டுமானால் பதிமூன்று செல்களாவது வரிசையில் வேண்டும். செல்களின் எடை மட்டுமே அறுநூறு கிராம் வந்துவிடும். நீங்கள் பார்த்திருக்கும் பேட்டரி உள்ளங்கையில் அடங்குகிறது, அதற்குள் ஐந்துக்கு மேல் போகாது.

இதைப் பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தயாரிப்புப் படங்களில் சார்ஜரின் லேபிளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘அவுட்புட்’ என்ற இடத்தில் இருக்கும் வோல்ட்டை 4.2-ஆல் வகுத்தால் உள்ளே எத்தனை செல் வரிசை என்று தெரிந்துவிடும். 12.6 என்றால் மூன்று, 16.8 என்றால் நான்கு, 21 என்றால் ஐந்து. பேட்டரியின் முகப்பில் 48 என்று பெரிதாக அச்சடித்தவர்கூட சார்ஜரில் பெரும்பாலும் பொய் எழுதுவதில்லை, எழுதினால் சார்ஜரை மாற்ற வேண்டி வந்தவர் அந்த எண்ணைப் பார்த்து வேறு வாங்கிப் போட்டு பேட்டரியைக் கெடுத்துக்கொள்வார். எங்களிடம் ரிப்பேருக்கு வந்த ‘48’ பேக்குகளைத் திறந்தபோதெல்லாம் நான் பார்த்தது ஐந்து செல்தான். எல்லாப் பேக்கும் அப்படித்தான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, வந்ததைச் சொல்கிறேன். டார்க், அதாவது திருப்பும் விசையின் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்லாத கம்பெனி 100 நியூட்டன் மீட்டர் என்று போட்டால் உண்மையா பொய்யா என்று சரிபார்க்க உங்களுக்கும் எனக்கும் வழி கிடையாது. அதனால் அந்த எண் கணக்கிலேயே வர வேண்டாம்.

உங்கள் வேலைக்கு கார்ட்லெஸ் தேவையா என்பதே என் அடுத்த கேள்வி. வீட்டில் அலமாரி மாட்ட, கர்டன் ராடு போட, எப்போதாவது லிண்டலில் துளை போட என்றால் 500, 600 வாட் வயர் வைத்த இம்பாக்ட் டிரில் வாங்குங்கள். பெயருள்ள கம்பெனியின் அடிப்படை மாடல் உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும். அதில் செத்துப்போக பேட்டரி இல்லை. கார்பன் பிரஷ் தேய்ந்தால் சில்லறைக் காசுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆர்மேச்சர் கருகினால்கூட எந்த ஊரிலும் கிடைக்கும். வருஷத்துக்கு நாலு முறை எடுக்கிற கார்ட்லெஸ், வாங்கிய இரண்டாம் வருஷம் பேட்டரி பிடிக்காமல் எங்களிடம் வருகிறது, அந்தப் பேக்கின் விலையோ புது டூல் விலைக்கு நெருக்கமாக இருக்கிறது. மலிவு டூலில் அதே பேக் மறுபடி கிடைப்பதே சந்தேகம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், ரூஃப் கான்கிரீட்டில் வரிசையாகத் துளை போடும் வேலை இருந்தால் இம்பாக்ட் டிரில் போதாது, எஸ்.டி.எஸ். பிளஸ் பிட் போடும் ராட்டரி ஹேமர் வேண்டும். ஒரு நாள் வேலைக்கு வாடகைக்கு எடுப்பதுதான் லாபம்.

உண்மையான தள்ளுபடி எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் பதில் நல்ல கம்பெனியின் பேட்டரி குடும்பத்தில். ஒரே பேட்டரி அந்தக் கம்பெனியின் அதே வரிசையில் வரும் 18 வோல்ட் டூல்களுக்கெல்லாம் பொருந்தும். முதல் முறை பேட்டரி, சார்ஜரோடு சேர்ந்த கிட் வாங்கிவிட்டால், அடுத்ததை பேட்டரி இல்லாமல் வெறும் பாடியாக வாங்கலாம். போஷில் அதை ‘சோலோ’ என்கிறார்கள், மக்கீட்டாவில் மாடல் எண்ணின் கடைசியில் ‘இசட்’ எழுத்து இருக்கும். கிட் விலையிலிருந்து சோலோ விலையைக் கழித்துப் பாருங்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் நீங்கள் கொடுக்கும் விலை அது. சேலில் சில நேரம் இந்த வித்தியாசம், பேட்டரியைத் தனியாக வாங்கும் விலையில் பாதிகூட இருக்காது. அப்போது வாங்க வேண்டியது கிட். புது மாடல் வந்தபின் ஒதுக்கப்படும் பழைய மாடலும் அப்படித்தான், பல நேரம் பேட்டரி அதேதான், விலை மட்டும் இறங்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த டிவால்ட், மில்வாக்கி என்று மலிவாக வந்தால் சார்ஜரைப் பாருங்கள். அமெரிக்க மாடல் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது, நம் 230-ல் சொருகினால் அங்கேயே போய்விடும். இங்கே வாரண்டியும் கேட்க முடியாது.

80 சதவீதம் தள்ளுபடி என்பதைப் பற்றி. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்சவரம்பு மட்டும்தான், அதை நிர்ணயிப்பது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். 10,000 என்று அச்சடித்து 1,999-க்கு விற்பதில் சட்டச் சிக்கல் இல்லை. அதனால் சதவீதத்தைப் பார்க்காமல் அந்தப் பொருள் போன ஆறு மாதத்தில் என்ன விலைக்கு ஓடியது என்று பாருங்கள். கீபா, பைஹட்கே மாதிரியான கருவிகள் அதை வரைபடமாகக் காட்டும். பல பொருள்கள் சேலுக்கு முந்தைய வாரம் ஏறி, சேல் அன்று பழைய இடத்துக்கே இறங்கியிருப்பது அதில் தெளிவாகத் தெரியும். நவராத்திரி, தீபாவளியை ஒட்டி வரும் பெரிய சேல்களில் டூலின் விலை குறைவதைவிட வங்கி கார்டு தள்ளுபடி சேரும்போதுதான் கணிசமாக மிச்சமாகிறது. நோ-காஸ்ட் இ.எம்.ஐ. போட்டால் பிராசசிங் கட்டணமும், வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் சேரலாம், கடைசித் திரையில் பாருங்கள். அப்புறம் உங்கள் ஊர் டூல்ஸ் கடையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். பவர் டூலில் டீலர் தரும் விலை ஆன்லைன் விலைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சர்வீஸுக்கு அலைச்சல் இல்லை என்பது கூடுதல் லாபம்.

ஒரு பொருளை வாங்கலாம் என்று மனசு வந்தபின் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். ஆன்லைனில் விற்கும் பேக் செய்த பொருளுக்கு எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்ற விவரங்கள் காட்டப்பட வேண்டும், அது விதி. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நாலு எழுத்து இருந்தால், பழுதானால் போய் நிற்க இடமில்லை என்று அர்த்தம். லித்தியம் பேட்டரியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் யார் பெயரில் பதிவானது என்று தெரியும். ஐந்து ஸ்டார் விமர்சனங்களை நான் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. மூன்று ஸ்டார் கொடுத்தவர்களில், வாங்கி மாதங்கள் கழித்து எழுதியவர்களைப் படிக்கிறேன். டார்ச்சுக்குக் கீழே மிக்ஸி பற்றிய விமர்சனம் இருந்தால், பழைய பக்கத்தின் ஸ்டார்களைப் புதுப் பொருளுக்கு ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று பொருள். உடனே வெளியே வந்துவிடுங்கள்.

கைக் கருவிகளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். தபாரியா போன்ற பெயருள்ள ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் எந்த நாளிலும் நியாயமான விலைதான், தள்ளுபடிக்குக் காத்திருக்க அவசியமில்லை. 46 பீஸ் சாக்கெட் செட் மலிவாக வருகிறதே என்றால், சைக்கிள், பைக்கின் சின்ன போல்ட்டுகளுக்கு நல்லது, கால் அங்குல டிரைவ் என்பதால் கார் வீல் நட்டில் போட்டு மிதித்தால் உடையும். கரண்ட் வேலை செய்வதாக இருந்தால் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிளேயரில் சிவப்பு ரப்பர் உறை இருப்பதால் அது இன்சுலேட்டட் ஆகிவிடாது. ஐ.ஈ.சி. 60900 என்ற சர்வதேசத் தர எண்ணும், இரட்டை முக்கோணக் குறியும், 1000 வோல்ட் என்ற அச்சும் இருக்க வேண்டும்.

மலைக்கு ஹெட்லேம்ப் என்பது சரியான முடிவு, ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும்போது இன்னொரு கையில் டார்ச் வேண்டாம். 150, 200 லூமன், ஐ.பி.எக்ஸ்.4 என்ற அளவு போதும். எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பது அதன் பொருள். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அது உங்களுக்குத் தேவைப்படாது. டெகாத்லான் மாதிரிச் சொந்தப் பிராண்டு விற்கும் கடைகளில் இந்த எண்களைக் கூட்டிக் குறைக்காமல் எழுதியிருப்பதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன், தள்ளுபடி இல்லாத விலையே போதுமான அளவு மலிவு. டென்ட்டுக்கு நீர் தாங்கும் திறனை மில்லிமீட்டரில் தருவார்கள், நம் மழைக்கு 2,000 இருந்தால் நல்லது. ஸ்லீப்பிங் பேக்கில் ‘கம்ஃபர்ட்’ வெப்பநிலையைப் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்று பெரிதாக எழுதியிருப்பது உயிர் தப்பும் அளவு, தூங்கும் அளவு கிடையாது.

ஆக, நீங்கள் பார்த்து வைத்த இரண்டையும் வாங்க வேண்டாம். 6,000 ரூபாயை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். பாதிப் பணம், வயர் வைத்த இம்பாக்ட் டிரில்லுக்கும் நாலு நல்ல கார்பைடு முனை பிட்டுக்கும். மீதியில் உண்மையான எண் போட்ட, ஒற்றை 18650 செல் டார்ச் ஒன்றும் ஹெட்லேம்ப் ஒன்றும். டென்ட் இந்த வருஷம் வேண்டாம், யாரிடமாவது கடன் வாங்கி ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ரிட்டர்ன் தேதிக்குள் டிரில்லில் நிஜமாகவே சுவரில் துளை போட்டுப் பாருங்கள், டார்ச்சை முழு வெளிச்சத்தில் அரை மணி நேரம் எரியவிடுங்கள். ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்று போட்டிருந்தால் பணம் திரும்பாது என்பதையும் ஆர்டர் போடும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். விற்றவர் கைவிரித்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், பில்லும் வீடியோவும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். டிரில்லோடு ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் ஆர்டரில் சேர்த்துவிடுங்கள், தலைக்கு மேல் துளை போடும்போது சிமெண்ட் தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.